கீசருக்கு டைமர் போடலாமா? திருநெல்வேலி வட்டாரத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

பாளையங்கோட்டை, பேட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் கீசரும், அதைக் குறித்த நேரத்தில் தானே போட்டு அணைக்கும் டைமரும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகள் இவை. கீசர் என்று இங்கே சொல்வது, சுவரில் மாட்டிய 15 அல்லது 25 லிட்டர் தொட்டியும் 2000 வாட் காயிலும் உள்ள சாதாரண வகையை. இன்ஸ்டன்ட் கீசர், வெந்நீர் ராடு, சோலார் மூன்றையும் பற்றிக் கடைசியில் சொல்லியிருக்கிறது.

டைமர் போட்டால் கரண்ட் பில் பாதியாகக் குறையும் என்கிறார்களே?

குறையாது. விற்கிறவர் அப்படித்தான் சொல்வார்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி மின்சாரம் வேண்டும். இதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் கிடையாது, தண்ணீரின் குணமே அதுதான். 27 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 575 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. நீங்கள் சுவிட்சைப் போட்டாலும் டைமர் போட்டாலும் இந்தச் செலவு உண்டு. குளிக்கிற தண்ணீருக்கான மின்சாரத்தை எந்த டைமராலும் குறைக்க முடியாது. யாரும் குளிக்காத தண்ணீரைச் சூடாக்குகிற மின்சாரத்தை மட்டும்தான் அது மிச்சப்படுத்தும்.

யாரும் குளிக்காத தண்ணீரா? அது எங்கே இருக்கிறது?

எல்லா வீட்டிலும் இருக்கிறது. கீசரில் நீங்கள் வெந்நீரைத் திறக்கும்போது, எடுத்த அளவுக்குப் பச்சைத் தண்ணீர் கீழிருந்து உள்ளே ஏறுகிறது. வீட்டில் கடைசியாகக் குளிப்பவர் குளித்து முடிக்கும்போது தொட்டியில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீர்தான். சுவிட்ச் ஆனில் இருந்தால் காயில் அதையும் விடாமல் 60 டிகிரிக்குக் கொண்டுபோய் வைக்கும். எல்லோரும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருப்பார்கள். பூட்டிய வீட்டில் அரை யூனிட் செலவில் வெந்நீர் தயாராக நிற்கும். சாயங்காலம் வரைக்கும் அது ஆறும், கீசர் மறுபடி சூடாக்கும், மறுபடி ஆறும்.

அதனால்தான், கீசர் எப்போது ஆன் ஆக வேண்டும் என்பதைவிட எப்போது ஆஃப் ஆக வேண்டும் என்பதுதான் முக்கியம். டைமர் வாங்குகிற எல்லோரும் ஆன் நேரத்தைத்தான் மெனக்கெட்டு யோசிக்கிறார்கள். ஆஃப் நேரத்தைத் தாராளமாக ஒன்பது மணி, பத்து மணி என்று வைத்துவிடுகிறார்கள். அப்புறம் மிச்சமே தெரியவில்லை என்று புலம்புகிறார்கள்.

கடைசி ஆள் குளியலறைக்குள் நுழையும் நேரத்துக்கு கீசர் அணைந்திருக்க வேண்டும். தொட்டியில் ஏற்கெனவே சூடாகி நிற்கும் தண்ணீர் அவருக்குப் போதும். அவர் எடுக்க எடுக்கப் பச்சைத் தண்ணீர் உள்ளே வரும். அது பச்சைத் தண்ணீராகவே கிடக்கட்டும்.

15 லிட்டர் கீசர் எத்தனை பேருக்கு வரும்?

ஷவர் இல்லாமல் வாளியில் கலந்து குளிக்கும் நம் வழக்கப்படி சொல்கிறேன். 60 டிகிரி வெந்நீரோடு 27 டிகிரி பச்சைத் தண்ணீரைக் கலந்து 40 டிகிரியாக்கினால், வாளியில் ஐந்தில் இரண்டு பங்கு வெந்நீர் போதும். அந்தக் கணக்கில் 15 லிட்டர் தொட்டி 38 லிட்டர் குளியல் தண்ணீர் தரும். பெரிய வாளி இரண்டு. 25 லிட்டர் தொட்டி என்றால் மூன்று வாளி. ஷவரில் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

சரி, ஆன் எத்தனை மணி, ஆஃப் எத்தனை மணி?

2000 வாட் காயில் 15 லிட்டரை 27-லிருந்து 60-க்குக் கொண்டுபோக 17 நிமிடம் எடுக்கும். 25 லிட்டருக்கு 29 நிமிடம். 20, 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் உள்ள வீடு, 15 லிட்டர் கீசர், முதல் ஆள் ஐந்தே முக்காலுக்குக் குளிக்கிறார் என்று வைப்போம். 5.20-க்கு ஆன் ஆகட்டும். முதல் இரண்டு பேர் ஆறு மணிக்குள் முடித்தால் தொட்டி மறுபடி சூடாக ஆறே கால், ஆறு இருபது ஆகும். 6.20-க்கு ஆஃப். மீதி இரண்டு பேர் அதற்கு அப்புறம் குளிக்கட்டும். ஒரு மணி நேரம் ஆனில் இருந்தாலும் காயில் எரிந்தது அரை மணிக்கும் முக்கால் மணிக்கும் இடையில்தான், நடுவில், சூடு போதுமானதும் காயிலை அணைக்கும் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு விஷயம் இந்தக் கணக்கை மாற்றும். ஒன்று தண்ணீரின் குளிர்ச்சி. மார்கழியில் விக்கிரமசிங்கபுரம், கடையம் போன்ற மலையடி ஊர்களில் விடியற்காலைத் தண்ணீர் 22 டிகிரிக்கு இறங்கினால், அதே 15 லிட்டருக்கு 20 நிமிடம் ஆகும். மற்றொன்று வோல்டேஜ். 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் 2000 வாட் காயில் 1500 வாட்தான் இழுக்கும். 17 நிமிடம் 23 நிமிடமாகும். யூனிட் கூடாது, நேரம்தான் கூடும். தண்ணீர் மோட்டாரும் கீசரும் ஒரே நேரத்தில் ஓடி விளக்கு மங்குகிற வீடுகளில் மோட்டாரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

தெர்மோஸ்டாட் தானாக அணைத்துவிடுகிறதே, டைமர் எதற்கு?

தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியும், நேரம் தெரியாது. வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியாது. சூடு இறங்கினால் அது மறுபடி போட்டுவிடும். அதற்காகத் தெர்மோஸ்டாட்டின் வேலையை டைமரிடம் கொடுத்துவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் போய்விட்ட கீசரை "டைமர்தான் இருக்கே" என்று ஓட்டுபவர்கள் உண்டு. ஒரு நாள் யாரும் குளிக்காமல் போனால், முதல் நாள் சூட்டின் மேலேயே சூடு ஏறி அது ஆபத்தில் முடியும். கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். சூடு எல்லை மீறினால் அணைக்கும் கட்-அவுட், அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் வால்வு இரண்டும் வேலை செய்கின்றனவா என்று சர்வீசின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

நாள் முழுக்க ஆனில் விட்டால் எவ்வளவு வீணாகும் என்று என் வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், கருவி எதுவும் வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் கீசரைப் போட்டு, சூடாகி அதன் விளக்கு அணையட்டும். யாரும் வெந்நீரைத் திறக்கக் கூடாது. மறுபடி விளக்கு எரிய எவ்வளவு நேரம் ஆகிறது, எரிந்தால் எத்தனை நிமிடம் எரிகிறது, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூன்று நிமிடம் எரிகிறது என்றால், ஒரு தடவைக்கு 0.1 யூனிட், நாளுக்கு ஆறு தடவை, 0.6 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட்.

அந்தக் கீசரை இருபத்து நான்கு மணி நேரமும் ஆனில் விடுகிற வீட்டில் டைமர் அதிகபட்சம் காப்பாற்றக்கூடியது அந்த 36-ஐ ஒட்டித்தான். பழைய கீசர், உள்ளே உள்ள பஞ்சு போன்ற காப்பு நைந்துபோனது என்றால் இன்னும் கூடும். புதிதாக வாங்கும்போது நட்சத்திர முத்திரையில் ஒரு நாளைய வெப்ப இழப்பு யூனிட்டில் அச்சிட்டிருக்கும். இரண்டு கீசரை ஒப்பிட நட்சத்திரத்தைவிட அந்த எண் உதவும்.

36 யூனிட் பெரிதா சிறிதா என்பது உங்கள் பில்லைப் பொறுத்தது. இலவச யூனிட்டுக்குள் அடங்குகிற வீட்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எல்லையில் தட்டுத்தடுமாறி நிற்கும் வீட்டுக்கு நிறைய. 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ் அடுக்கில் கிடைத்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும்.

குளிக்கப் போகும் முன் மறக்காமல் சுவிட்சை அணைக்கிற ஆச்சி இருக்கும் வீட்டுக்கு டைமரால் மிச்சம் எதுவும் கிடையாது. அங்கே அது வெறும் வசதி. வெள்ளென எழுந்து சுவிட்ச் போட வேண்டாம், அவ்வளவுதான்.

ராத்திரி போட்டு வைத்தால் கரண்ட் விலை குறைவா?

இல்லை. நம் வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, மணி பார்ப்பதில்லை. கூடங்குளம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, காற்றாலைகளும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சுற்றுகின்றன. அதற்காக ராத்திரிக் கரண்ட் நமக்கு மலிவாக வருவதில்லை. ராத்திரியே சூடாக்கி வைத்தால் விடிவதற்குள் ஆறும் சூடுதான் நஷ்டம்.

அடிக்கடி ஆன், ஆஃப் செய்தால் கீசர் கெட்டுப்போகாதா?

போகாது. தெர்மோஸ்டாட் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறது.

எந்த மாதிரி டைமர் வாங்குவது?

வட்டமான டயலில் சின்னச் சின்னப் பற்களைத் தள்ளிவிடுகிற மெக்கானிக்கல் டைமர், சின்னத் திரை உள்ள டிஜிட்டல் டைமர், போனில் இயக்குகிற ஸ்மார்ட் பிளக் என்று மூன்று வகை.

மெக்கானிக்கல் டைமர் மலிவு, பெரியவர்களுக்கும் புரியும். ஒவ்வொரு பல்லும் கால் மணி நேரம். ஆனால் பேட்டரி இல்லாத வகையில் கரண்ட் போனால் டயலும் நின்றுவிடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஐந்து மணி நேரம் நீடித்தது என்று வையுங்கள். மறுநாள் காலை 5.20-க்கு ஆன் ஆக வேண்டிய கீசர் 10.20-க்கு, ஆளில்லாத வீட்டில் ஆன் ஆகும். காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்த கோபம் வேறு. தடைக்கு அப்புறம் டயலைத் திருப்பி நேரம் சரிசெய்ய ஆள் இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள்.

நம் ஊருக்கு என் ஓட்டு, உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு. கரண்ட் போனாலும் கடிகாரம் ஓடும். கிழமைவாரியாக நேரம் வைக்கலாம்: ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாக, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு இன்னொரு தடவை. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) பெட்டிக்குள்ளேயே மாட்டுகிற வகையும் இருக்கிறது, புது வீடு கட்டுபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். இதில் இரண்டு இடத்தில் தடுக்கும். முற்பகல், பிற்பகல் மாறி வைத்தால் சாயங்காலம் 5.20-க்குக் கீசர் எரியும். இரண்டாவது, ஆன், ஆட்டோ, ஆஃப் என்று மூன்று நிலை இருக்கும். தீபாவளி அன்று மூன்று மணிக்கே வெந்நீர் வேண்டும் என்று ஆனில் வைத்துவிட்டு, திரும்ப ஆட்டோவுக்குக் கொண்டுவர மறந்தால், டைமர் இருந்தும் இல்லாத கணக்குதான்.

ஸ்மார்ட் பிளக் வேண்டாமா?

சென்னையில் மகன் போனில் அழுத்தினால் இங்கே அப்பாவுக்கு வெந்நீர் தயாராகும், நல்ல விஷயம்தான். வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். 16 ஆம்பியரா? 10 ஆம்பியர் பிளக்கில் கீசரை மாட்டாதீர்கள். நேர அட்டவணை பிளக்குக்குள்ளேயே பதிவாகிறதா, இல்லை இன்டர்நெட் இருந்தால்தான் ஓடுமா? கரண்ட் போய் வந்தால் என்ன நிலையில் நிற்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பல பிளக்குகளில் அதை ஆப்பில் மாற்றலாம், "ஆஃப்" என்று வையுங்கள். உள்ளே கடிகாரம் இல்லாத பிளக், கரண்ட் வந்ததும் நேரத்தை இன்டர்நெட்டில்தான் தெரிந்துகொள்ளும்; ரவுட்டர் கிளம்பவில்லை என்றால் அதற்கு மணி தெரியாது.

வயரிங்கில் என்ன பார்க்க வேண்டும்?

2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். 3000 வாட் என்றால் 13. பெரிய பிளக் பாயிண்ட், அதாவது 16 ஆம்பியர், கட்டாயம். கன்வர்ட்டர் மாட்டி 6 ஆம்பியர் பிளக்கில் செருகுவது தீ வைப்பதற்குச் சமம். 2000 வாட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் 16 ஆம்பியர் எம்சிபியும், 3000 வாட்டுக்கு 4 சதுர மி.மீ. கம்பியும் 20 ஆம்பியர் எம்சிபியும் போடச் சொல்லுங்கள். இந்த லைன் கீசருக்கு மட்டும் தனியாக வர வேண்டும். 3000 வாட் கீசருக்கு டைமர் நேராகச் சுமையைத் தாங்காமல், பெரிய சுமையைத் தாங்கும் மின்சுவிட்சான ஒரு கான்டாக்டரை இயக்கும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போடுவது நல்லது.

செருகும் டைமர் போட்டால் முதல் வாரத்தில் ஒரு நாள், கீசர் கால் மணி நேரம் ஓடினதும் லைனை அணைத்துவிட்டு, உலர்ந்த கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை, மஞ்சளடித்த பிளாஸ்டிக் என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. மாற்றும் வரைக்கும் போடாதீர்கள். டைமரைக் குளியலறைக்கு வெளியே வையுங்கள், ஆவி அதற்கு எதிரி. கீசர் லைனை இன்வெர்ட்டரில் கொடுக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

டைமர் அணைத்துவிட்டது என்றால் ஷாக் பயம் இல்லைதானே?

அப்படி நம்பாதீர்கள். சாதாரண டைமர் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். ஒயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அணைந்த கீசரிலும் கரண்ட் நிற்கும். இரண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் கீசருக்கு வேண்டும். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். எர்த் வேண்டும். கோடையில் மண் காய்ந்து கட்டியாகிற இடங்களில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் மறக்கக் கூடாது. கீசரைத் திறந்து வேலை பார்ப்பவர் எம்சிபியை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும், டைமர் எந்த நேரமும் உயிர் கொடுக்கும்.

டைமர் வைத்ததிலிருந்து விடியற்காலையில் வீடே ட்ரிப் ஆகிறது, ஏன்?

குற்றம் பெரும்பாலும் டைமர் மேல் இல்லை. காயில் உறை வெடித்து, தண்ணீர் வழியாகக் கரண்ட் எர்த்துக்குக் கசியும்போது ஆர்சிசிபி விழும். முன்பு நீங்கள் சுவிட்ச் போட்டதும் விழுந்திருந்தால் கீசர்தான் என்று உடனே தெரிந்திருக்கும். இப்போது தூக்கத்தில் விழுவதால் குழப்பம், ஃபிரிட்ஜும் சேர்ந்து அணைந்து கிடக்கும். காயிலை மாற்றுங்கள். எம்சிபி, ஆர்சிசிபி இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் ஆர்சிபிஓ ஒன்றைக் கீசருக்குத் தனியாகப் போட்டால், விழுந்தாலும் கீசர் மட்டும் விழும். ஆர்சிசிபியை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை மறுபடி கூப்பிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். டைமரால் ஏதாவது நல்லது உண்டா?

உண்டு. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டையும் நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துப் போர் தண்ணீர் வீட்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கடினத் தண்ணீரில் சூடு ஏற ஏறக் காயிலில் சுண்ணாம்பு படியும், சூடாக நிற்கும் நேரம் கூடக் கூடப் படிவும் கூடும். நாள் முழுக்க 70 டிகிரியில் கொதித்துக் கிடப்பதற்குப் பதில் காலையில் ஒரு மணி நேரம் 55, 60 டிகிரியில் நின்றால் காயிலுக்கு ஆயுள் கூடும். 55-க்குக் கீழே இறக்கி எப்போதும் வெதுவெதுப்பாக வைப்பதும் நல்லதல்ல, 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரத் தோதான சூடு. தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் கம்பி உள்ளே இருக்கும். போர் தண்ணீர் வீட்டில் வருடம் ஒரு முறை அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சித்திரை, வைகாசியில் என்ன செய்வது?

டைமரை ஆஃபில் வைத்துவிடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டைமாடி கறுப்பு டேங்கிலிருந்து மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. சாயங்காலமும் அதே தண்ணீர்தான். கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் விடியற்காலை மட்டும் ஒரு இருபது நிமிடம் வைக்கலாம். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் தொடங்கினால் ஆனியிலேயே மறுபடி தேவைப்படும். திருநெல்வேலி டவுனில் ஐப்பசி மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம்.

இன்ஸ்டன்ட் கீசருக்கும் வெந்நீர் ராடுக்கும்?

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கு டைமர் வீண் செலவு. சில நிமிடத்தில் சூடாகிவிடும், சேர்த்து வைப்பதும் சொற்பம். சுவிட்சே போதும்.

ராடை, தானாக ஆன் ஆகும் டைமரில் ஒருபோதும் மாட்டாதீர்கள். வாளியில் தண்ணீர் இருக்கிறதா, குழந்தை பக்கத்தில் நிற்கிறதா என்று டைமருக்குத் தெரியாது. கையால் போட்டு, குறித்த நிமிடத்தில் தானே அணையும் டைமர் என்றால் சரி. 20 லிட்டர் வாளியை 27-லிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 1500 வாட் ராடுக்கு 17 நிமிடம் போதும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய அப்புறம்தான் தண்ணீரில் கை.

மாடியில் சோலார் இருக்கிறது. அப்போதும் டைமர் வேண்டுமா?

வெந்நீர் சோலார் என்றால் கட்டாயம் வேண்டும். அதன் தொட்டிக்குள் மழைக்காலத்துக்கென ஒரு மின்காயில் இருக்கும். அதை ஆனில் விட்டுவிட்டால் வெயில் அடிக்கும் முன்பே கரண்டே தொட்டியைச் சூடாக்கிவிடும், சோலாருக்கு வேலையே இருக்காது. விடியற்காலை ஒரு அரை மணி நேரம், அதுவும் கார்த்திகை, மார்கழியில் மட்டும் வையுங்கள்.

மின்சாரம் தயாரிக்கும் சோலார் பலகை என்றால், மத்தியானம் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் கீசரை ஓட்டி, சாயங்காலம் குளிப்பது ஒரு வழி. வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டையும் எண்ணிக் கழிக்கும் நெட் மீட்டர் இருந்தால் இதில் பெரிய லாபம் இல்லை, மத்தியானம் கொடுத்த யூனிட் கணக்கில் நிற்கும்.

ஊருக்குப் போகும்போதும் டேங்க் கழுவும்போதும் டைமரை என்ன செய்வது?

இரண்டுக்கும் எம்சிபியை இறக்கிவிடுங்கள். டைமரை ஆஃபில் வைத்தால் போதும் என்று விடாதீர்கள். டேங்கோ கீசரோ கழுவின அன்று கீசருக்குள் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். மறுநாள் 5.20-க்கு டைமர் அதைத் தெரிந்துகொள்ளாது, காலித் தொட்டியில் காயிலை எரித்துவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றில்லாமல் தண்ணீர் ஒரே சீராக ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு எம்சிபியைப் போடுங்கள். அப்படியே டைமரின் கடிகாரத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள்.